முப்பதுக்குப் பதினெட்டு

ஜனவரி 8

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் சொல்ல, எதிர்க்கடைத் தையற்காரம்மா எழுதுவது. வலது முழங்காலைத் தவிர எனக்கு உடம்பில் குறை இல்லை. மூன்று மாடி ஏறி இறங்கும் உன் மூச்சு எப்படி இருக்கிறது?

போன் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. அதில் பேசினால் மகன் காதிலும் மருமகள் காதிலும் விழும். அதனால்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் போனில் என் கண் ஆபரேஷன் ஆயிற்றா என்று கேட்டாய். ஆயிற்று, செப்டம்பர் நாலாம் தேதி. அக்டோபரில் கேட்டாய், சொன்னேன். நவம்பரில் கேட்டாய், சொன்னேன். எனக்கு எழுத்துதான் தெரியாது. காதில் ஒரு தடவை விழுந்தது போகாது. மனசு கேட்காமல், சித்தப்பாவை ஒரு நடை பார்த்துவிட்டு வா என்று மகனிடம் சொன்னேன். அவன் பார்க்க வரவில்லை, உனக்குப் போன் போட்டான். நீ சிரித்துப் பேசி, 'ஒரு தடவைதான்டா கேட்டேன், அப்பா ஏதோ குழப்பிக்கிறார்' என்றாயாம். முப்பத்தைந்து வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவனை நம்புவானா, குழிக்குள் உட்கார்ந்து டெலிபோன் கேபிளுக்கு ஜாயிண்ட் போட்டவனை நம்புவானா? அடுத்த வாரமே என்னை மறதி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனான்.

அங்கே ஒரு பெண் முப்பது மார்க்குக்குக் கேள்வி கேட்டாள். தேதி, கிழமை, ஐந்து நிமிஷத்துக்கு முன் சொன்ன ஐந்து வார்த்தை, எல்லாம் சொன்னேன். பிறகு ஒரு அட்டையை நீட்டிப் படிக்கச் சொன்னாள். வழக்கம் போல், 'கண்ணாடி கொண்டு வரலம்மா' என்றேன். எழுதச் சொன்னாள். 'கை நடுங்குது' என்றேன். ஒரு வார்த்தையைத் தலைகீழாக எழுத்துக்கூட்டச் சொன்னாள். இந்த எழுத்தில் தொடங்கும் வார்த்தைகளைச் சொல்லுங்கள் என்றாள். நான் சுவரைப் பார்த்தேன். கடைசியில் முப்பதுக்குப் பதினெட்டு. பத்தாம் வகுப்பு படித்தவருக்கு இது ரொம்பக் குறைவு, மறதி தொடங்கிவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

பத்தாம் வகுப்பு என்று மகன்தான் படிவத்தில் எழுதினான். என் வேலைப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. அதை அங்கே எழுதியது யார்? நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், நீ. டீக்கடைப் பலகையில் உட்கார்ந்து இரவல் பேனாவில் என் மனுவை நிரப்பினாய். கையெழுத்து என்று மூன்று வளைவு போட ஒரு வாரம் பழக்கினாய். நிறமும் எண்ணும் தெரிந்தால் போதும் அண்ணா, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாய். போய்ச் சேர்ந்த உன் அண்ணிக்கும் இந்தத் தையற்காரம்மாவுக்கும் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது. தாத்தா பத்தாவது என்று சொல்லித்தான் மகன் அவன் பிள்ளைகளை வளர்த்திருக்கிறான். என் வாயால் சொல்ல எனக்கு வரவில்லை.

நீ ஆஸ்பத்திரிக்கு இரண்டு வரி எழுது. என் அண்ணன் பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவர் என்று. அது போதும்.

உன் மூச்சைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


பிப்ரவரி 2

பெருமதிப்புக்குரிய அண்ணனுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. படியேறும்போது மூச்சு ஒத்துழைக்கிறது. தங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது. கண் ஆபரேஷன் முடிந்ததா? அதைப் பற்றி ஒரு வரிகூடக் காணோமே.

தங்கள் கடிதத்தில் பதினோரு ஒற்றுப்பிழைகள். சிவப்பு மையில் குறித்து இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எழுதியவரிடம் காட்டவும்.

பள்ளிக்கூடமே போகவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு அன்று முழுவதும் என்னால் சாப்பிட முடியவில்லை. நாம் ஒரே பெஞ்சில் அல்லவா உட்கார்ந்திருந்தோம்? உங்களுக்கு ஜன்னல் பக்கம், எனக்குச் சுவர்ப் பக்கம். கணக்கு வாத்தியார் பிரம்போடு என்னிடம் வரும்போதெல்லாம் உங்கள் கையை நீட்டுவீர்கள். அந்தக் கை எனக்கு நேற்றுப் போலத் தெரிகிறது. நீங்கள் அதை மறந்துவிட்டீர்கள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

கவலை வேண்டாம். மருத்துவமனைக்கு நானே எழுதிவிட்டேன். அண்ணன் பத்தாம் வகுப்பு வரை என்னோடு படித்தவர், நல்ல மாணவர், தக்க சிகிச்சை அளிக்க வேண்டுகிறேன் என்று.

இங்கே இப்போது பாத்திரங்கள் எதுவும் தரமில்லை. இந்த மாதத்தில் மூன்றாவது பால் பாத்திரம் அடி கருகிவிட்டது. கீழ் வீட்டு அம்மாள் எதற்கெடுத்தாலும் கதவைத் தட்டுகிறார். குழாய்த் தண்ணீர் அவர் கூரையில் ஒழுகுகிறதாம். குறை சொல்வதே சிலருக்குப் பொழுதுபோக்கு.

மருந்தைத் தவறாமல் சாப்பிடுங்கள்.

என்றும் தங்கள் தம்பி


பிப்ரவரி 14

தம்பிக்கு,

முழங்கால் வலிக்கிறது. மற்றபடி உயிரோடு இருக்கிறேன்.

எந்தப் பெஞ்சு? ஒன்பது வயதில் நான் செங்கல் சூளையில் தலையில் எட்டுக் கல் வைத்துச் சுமந்துகொண்டிருந்தேன், நீ பெஞ்சில் உட்கார வேண்டும் என்று. உன் கணக்கு வாத்தியார் முகம் எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. உன்னைக் கொண்டுவிட்டு வாசலோடு திரும்பியவன் நான். இரண்டு வரி கேட்டேன். நீ எனக்குச் சமாதி கட்டிக் கொடுத்திருக்கிறாய்.

என்ன நடந்தது தெரியுமா? பெரிய ஆஸ்பத்திரி முனையில் மண்ணுக்குள் இருக்கும் பழைய ஜாயிண்ட் ஒன்று தண்ணீர் குடித்துவிட்டது. நான் ஓய்வு பெற்ற இந்தப் பதினாறு வருஷமும், வரைபடத்தில் இல்லாத ஜாயிண்டைத் தேடும்போதெல்லாம் எஞ்சினியர் வண்டி அனுப்பி என்னைத்தான் கூப்பிடுவார். இந்தத் தடவை கூப்பிடவில்லை. மூன்று நாள் மூன்று இடத்தில் தோண்டினார்கள். நானே நடந்து போய், மருந்துக்கடைப் படியிலிருந்து நாலு அடி, வடக்கே பார்த்து, இடுப்பளவு ஆழம் என்றேன். ஆள் ஒருவன் சிரித்துக்கொண்டே, 'போங்க பெரியவரே, வெயில்ல நிக்காதீங்க. உங்க பையன் எல்லாம் சொல்லியிருக்கார்' என்றான். சாயங்காலம் நான் சொன்ன இடத்தில்தான் கிடைத்தது. குருட்டாம்போக்கில் சொன்னது பலித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்களாம்.

வீட்டில் தீப்பெட்டியை ஒளித்து வைத்துவிட்டார்கள். தெருமுனைக்குப் போனால் மருமகள் பின்னாலேயே வருகிறாள். உன் சிவப்பு மையைப் பார்த்துவிட்டுத் தையற்காரம்மா, 'உங்க தம்பியை ஒரு பட்டன் தைச்சு அனுப்பச் சொல்லுங்க, நானும் திருத்தி அனுப்புறேன்' என்கிறாள்.

கண் ஆபரேஷன் ஆயிற்று. ஆயிற்று. ஆயிற்று.

அண்ணன்


மார்ச் 25

டாக்டரம்மாவுக்கு,

உங்கள் மறதி ஆஸ்பத்திரியில் முப்பதுக்குப் பதினெட்டு வாங்கிய கேபிள் ஜாயிண்டர் சொல்ல, தையற்காரம்மா எழுதுவது. நீங்களும் உங்கள் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும்.

போன வாரம் உங்கள் ஆராய்ச்சிக்காக என்னை அந்தக் குழாய் மெஷினில் படுக்க வைத்தீர்கள். எதையும் நினைக்காமல் சும்மா இருக்கச் சொன்னீர்கள். வெளியே வந்ததும் நிறம் நிறமாகக் கோடு போட்ட படத்தைக் காட்டினீர்கள். 'சும்மா இருக்கும்போதுதான் மூளைல ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தோட ஓயாம பேசிக்கும் ஐயா. மறதி வர்றவங்களுக்கு அந்தப் பேச்சு முதல்ல குறையும். இடம் கெடுறதுக்கு முன்னாடியே இணைப்பு தளர்ந்துடும்' என்றீர்கள். நீங்கள் பாதி சொல்லும்போதே எனக்கு மீதி புரிந்துவிட்டது. இரண்டு பக்கமும் போன் நன்றாக இருக்கும், நடுவில் ஜோடிக் கம்பி ஈரம் குடித்திருக்கும். என் பிழைப்பே அதுதான்.

என் இணைப்பு இவ்வளவு நன்றாக இருக்க மார்க் ஏன் இல்லை என்று கேட்டீர்கள். நிஜமாகவே எவ்வளவு படித்தீர்கள் என்றும் கேட்டீர்கள். மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நான் கண்ணாடி மேல் பழியைப் போட்டேன்.

இப்போது சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடம் போனதே இல்லை. உங்களுக்கு என் தம்பி எழுதியது நிஜம் இல்லை. பொய்யும் இல்லை. அவன் அப்படித்தான் நம்புகிறான்.

இன்னொன்றும் சொன்னீர்கள். நிறையப் படித்தவர்களுக்குச் சுற்றுவழி நிறைய இருக்கும், நேர் இணைப்பு தளர்ந்தாலும் வேறு வழியாகச் சமாளிப்பார்கள், ரொம்ப நாள் வெளியே தெரியாது என்று. அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அவன் பிப்ரவரியில் எழுதிய கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். படியுங்கள். பெஞ்சைப் பாருங்கள், பால் பாத்திரத்தைப் பாருங்கள். மனைவி போன பிறகு மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறான். அடுப்பும் குழாயும் அவன் பொறுப்பில் இருக்கின்றன.

உனக்கு மறதி என்று சொன்னால் அவன் என் வாசலே மிதிக்க மாட்டான். ஆராய்ச்சிக்கு, ஒத்துப்பார்க்க நோய் இல்லாத அதே வயசுக்காரர்களும் வேண்டும் என்றீர்களே. அந்தக் கணக்கில் அவனை வரச் சொல்கிறேன். குழாயில் படுத்த பிறகு உள்ளதை நீங்களே அவனிடம் சொல்லுங்கள். நான் சொன்னால் எடுபடாது. நான்தான் நோயாளி ஆயிற்றே.

கேபிள் ஜாயிண்டர்


மார்ச் 27

அன்புத் தம்பிக்கு,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. கோபமாக இருக்கிறாயா, கடிதத்தை எங்காவது வைத்துவிட்டாயா, தெரியவில்லை. எதுவானாலும் தப்பு என்னுடையது. எனக்கு முழங்கால் கொஞ்சம் பரவாயில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

யோசித்துப் பார்த்தேன். நீ எழுதியதுதான் சரி. ஜன்னல் பக்கம் நான்தான் உட்கார்ந்திருந்தேன். இப்போதெல்லாம் எனக்கு அப்படித்தான் ஆகிறது.

(இதை எழுத மனசு வரவில்லை என்று தையற்காரம்மா ஊசியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அரை நாள் கழித்துத்தான் வந்தாள்.)

ஆஸ்பத்திரியில் என்னை அடிக்கடி வரச் சொல்கிறார்கள். அவர்கள் பேசுவது எனக்குப் புரிவதில்லை, மகனுக்கு லீவு இல்லை. என் வயதை ஒட்டிய, தெளிவான ஆள் ஒருவர் கூட வந்தால் அவரையும் படம் எடுத்து என் படத்தோடு ஒத்துப்பார்ப்பார்களாம். உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? ஒரு வாரம் வந்து இரு.

அண்ணன்


ஏப்ரல் 20

பெருமதிப்புக்குரிய அண்ணனுக்கு,

தம்பி வணக்கம். என் உடல்நலத்துக்கு ஒரு குறையும் இல்லை.

தங்கள் கடிதம் கண்டு கண் கலங்கியது. நினைவு திரும்புகிறதே, அதுவே நல்ல அறிகுறி. தாங்கள் கூப்பிட்டு நான் வராமல் இருப்பேனா? அச்சகத்தில் இரண்டு படிகளை ஒத்துப்பார்ப்பதுதான் என் தொழிலாக இருந்தது. இப்போது என்னையே ஒத்துப்பார்க்கும் படியாகக் கேட்கிறார்கள். வேடிக்கைதான்.

எந்தத் தேதி என்று தாங்கள் எழுதவில்லை. பேருந்து எங்கே நிற்கும் என்பதையும் எழுதவும். முன்பு வந்த நிலையம் மாறிவிட்டதாகக் கேள்வி. கீழ் வீட்டு அம்மாள் என் சமையல் வாயுவை மூடிவிட்டுப் போகிறார். கேட்டால் என் நன்மைக்காம். அத்துமீறலுக்கு ஓர் எல்லை இல்லை.

தங்கள் கண் ஆபரேஷனையும் நான் வரும்போதே வைத்துக்கொள்ளலாமே. கூடவே இருந்து பார்த்துக்கொள்வேன்.

என்றும் தங்கள் தம்பி


மே 3

அன்புத் தம்பிக்கு,

இங்கே சௌக்கியம். நீயும் அப்படியே வந்து சேர வேண்டும்.

நிலையம் மாறவில்லை. மே இருபது, திங்கள். காலை ஏழு மணி பஸ். கீழ் வீட்டு அம்மாளே உன்னை ஏற்றிவிடுவார். மகனை விட்டு அவருக்குப் போன் போடச் சொன்னேன். அவரைக் கோபித்துக்கொள்ளாதே. இறங்கும் இடத்தில் நான் நிற்பேன். நடுவில் எங்கேயும் இறங்காதே, டீ குடிக்கக்கூட.

கண்ணை நீ வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அண்ணன்


ஜூன் 12

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்களும், ஊர் திரும்பிய தங்கள் தம்பியும் நலம் என நம்புகிறேன்.

எழுத்து தேவைப்படாத கேள்விகளை மட்டும் வைத்து மே மாதம் தங்களை மறுபடியும் சோதித்தோம். தங்களுக்கு மறதி நோய் இல்லை. முதல் முறை நாங்கள் செய்தது தவறு. ஒருவர் தயங்கும்போது, கண்ணாடியைத் தவிர வேறு காரணமும் இருக்கக்கூடும் என்று எங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அதற்காக வருந்துகிறேன்.

தங்கள் தம்பியின் விஷயத்தில் தாங்கள் சந்தேகித்தது சரி. நினைவைச் சேர்த்து வைக்கும் பகுதிக்கும் மூளையின் பின்பகுதிக்கும் நடுவே இருக்க வேண்டிய தொடர்பு அவருக்கு மெலிந்திருக்கிறது. முன்பகுதி கூடுதல் சுமையைத் தாங்கி இதுவரை ஈடுகட்டியிருக்கிறது. படத்தை மட்டும் வைத்து நான் இதைச் சொல்லவில்லை. மற்ற சோதனைகளும், அவருடைய கடிதமும், கீழ் வீட்டு அம்மாள் தொலைபேசியில் சொன்னதும் ஒன்றையே காட்டுகின்றன. லேசான மறதி என்ற கட்டத்தை அவர் தாண்டிவிட்டார். இனி அவர் தனியாக இருக்கக் கூடாது.

இதை அவரிடம் பக்குவமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், நன்றியும் சொன்னார். எழுந்து போகும்போது குரலைத் தாழ்த்தி, 'அண்ணன் படத்தைத் தவறுதலா எனக்குக் காட்டிட்டீங்க டாக்டர். பரவாயில்லை, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்' என்றார். அதற்கு மேல் என்னால் அவரை நம்ப வைக்க முடியவில்லை.

தங்களுக்கு மறதி இல்லை என்ற சான்றிதழ் தயாராக இருக்கிறது. தங்கள் மகனுக்கும், தாங்கள் சொன்ன தொலைபேசி எஞ்சினியருக்கும் ஒவ்வொரு நகல் அனுப்பட்டுமா?

அன்புடன்,
மருத்துவர்


ஜூலை 1

பெருமதிப்புக்குரிய அண்ணனுக்கு,

தம்பி வணக்கம். இங்கே நான் நலம். தங்களை நினைத்தால் மட்டும்தான் கவலை.

ஒரு விஷயத்தைத் தங்களிடமிருந்து மறைத்திருந்தேன். அந்த மருத்துவர் தங்கள் படத்தை என் பெயரில் காட்டினார். இணைப்புகள் மெலிந்திருப்பதைக் கண்ணால் பார்த்தேன். தனியாக விடக் கூடாது என்று அழுத்திச் சொன்னார். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுவதும் தாங்கள் தனிதானே? தாங்கள் மனம் உடைந்துவிடக் கூடாதென்று இவ்வளவு நாள் எழுதாமல் இருந்தேன்.

முடிவு செய்துவிட்டேன். இந்த வீட்டைக் காலி செய்துவிட்டு அங்கேயே வந்துவிடுகிறேன். யாராவது ஒருவர் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாமா? தங்களுக்காகத்தான் வருகிறேன். தாங்கள் சரியாகிவிட்டால் மறுநாளே திரும்பிவிடுவேன். எனக்கும் ஒரு வீடு வாசல் வேண்டும் அல்லவா?

கீழ் வீட்டு அம்மாள் மூட்டை கட்ட உதவுகிறார். சற்று அதிகமாகவே மகிழ்ச்சியாக இருக்கிறார்.

என்றும் தங்கள் தம்பி


ஆகஸ்டு 11

டாக்டரம்மாவுக்கு,

கேபிள் ஜாயிண்டர் சொல்வது. நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். நாங்கள் இங்கே இரண்டு பேராகிவிட்டோம். தம்பி வந்து பதினேழு நாள் ஆகிறது.

உங்கள் கடிதத்துக்கு இரண்டு மாதமாகப் பதில் போடாதது மறதியால் இல்லை. எனக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஜனவரியிலிருந்து அந்தச் சான்றிதழுக்காகத்தான் அடித்துக்கொண்டேன். அதை எஞ்சினியர் மேஜையில் நானே கொண்டுபோய் வைத்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பி வர வேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

அனுப்பாதீர்கள். உங்கள் பதிவேட்டில் உள்ளதை உள்ளபடி எழுதி வையுங்கள், வெளியே விடாதீர்கள். எஞ்சினியருக்குத் தெரிந்தால் நாளைக்கே வண்டி வரும், ஆட்கள் வருவார்கள், தம்பி காதில் விழும். எனக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த மறுநாள் அவன் பெட்டியைத் தூக்கிவிடுவான். திரும்பிப் போக அவனுக்கு வீடு இல்லை என்பதும் அவனுக்கு ஞாபகம் இருக்காது.

மகனிடம் மட்டும் நானே சொன்னேன். முதலில் சித்தப்பாவைப் பற்றி. பிறகு, எனக்குப் படிக்கத் தெரியாது என்று. அவன் என் மூக்குக்கண்ணாடியைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். 'அம்மாவுக்குத் தெரியுமாப்பா?' என்று கேட்டான். தெரியும் என்றேன். வெளியில் யாரிடமும் சொல்லக் கூடாது என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம். தீப்பெட்டி ஒளிவிலேயே இருக்கிறது, இப்போது சரியான ஆளுக்காக.

எரிச்சல் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நாள் முழுக்க எரிச்சல்தான். நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று, சோப்பு எங்கே இருக்கிறது தெரியுமா என்று கேட்கிறான். என் மாத்திரையை எண்ணி வைக்கிறான், தப்பாக. அவன் பார்க்காதபோது நான் அவனுடையதையும் சேர்த்துச் சரி செய்கிறேன். தெருவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணனுக்குக் கொஞ்சம் ஞாபகம் போதாது என்று கடைக்காரர்களிடம் சொல்லி வைக்கிறான். அவர்களும் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறார்கள். நான் தலையை ஆட்டுகிறேன்.

தினமும் காலையில் எனக்குப் பரீட்சை வைக்கிறான். இன்றும் எதிரில் உட்கார்ந்துகொண்டு, 'இது என்ன மாசம், சொல்லுங்க பாப்போம்' என்றான். நான் யோசிப்பது போல் கூரையைப் பார்த்தேன். அவசரம் இல்லை என்று என் தோளைத் தட்டிக் காத்திருந்தான். எனக்கு வரவில்லையே தம்பி என்றேன்.

'ஏப்ரல்ண்ணா,' என்றான். 'ஞாபகம் வச்சுக்கங்க.'

வைத்துக்கொண்டேன்.

கேபிள் ஜாயிண்டர்